ஊரில் ஒருவரும் பீடி குடிக்காத நாள்

எக்ஸ்ரே வேன் எங்கள் ஜாடிக் கம்பெனி வாசலில் வந்து நின்ற அன்று, விருத்தாசலத்தில் பீடி குடிக்கிற ஆண்பிள்ளை ஒருவர்கூட இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் இருந்தார்கள். சூளைக்குப் பின்னால் கிடக்கும் துண்டுப் பீடிகளைப் பெருக்கித் தள்ளுவதே எங்களுக்கு ஒரு தனி வேலை. மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து, "யார் யாரு பீடி குடிக்கிறீங்க?" என்று கேட்டதும் அத்தனை பேரும் உத்தமர்களாகிவிட்டார்கள். ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் தன் செருப்பைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் நடக்கிறதே வேறு என்கிற பார்வை.

எழுபதுகளின் ஆரம்பம் அது. நான் அந்தக் கம்பெனியில் ஜாடி பிரிக்கிற கொட்டகையில் இருந்தேன். சூளையிலிருந்து இறங்கும் ஊறுகாய் ஜாடிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, ஒரு சின்னக் குச்சியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல ஜாடி கணீரென்று சத்தம் கொடுக்கும். உள்ளே கீறல் விட்டது டொப்பென்று ஊமையாக இருக்கும். நாங்கள் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தோமென்றால் ரோட்டில் போகிறவன் பஜனை மடம் என்று நினைத்துக்கொள்வான்.

வீட்டுக்காரருக்கு அதே கம்பெனியின் அரைவை மில்லில் வேலை. வெள்ளைக் கல்லைப் பொடித்து மாவாக அரைக்கிற இடம். சாயங்காலம் வெளியே வரும்போது அவருக்குப் புருவம், மீசை, காது மடல் எல்லாம் வெளுத்திருக்கும். "பாருங்கடி, எங்கப்பன் என்னைக் கெழவனுக்குக் கட்டிக் குடுத்துட்டாரு" என்று கொட்டகைப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பேன். குளித்துவிட்டு வந்தால் நாற்பது தாண்டிய கறுத்த மனிதர் திரும்பக் கிடைத்துவிடுவார். தலை துவட்டுவதற்கு முன்னால் பீடி பற்றிக்கொள்ளும். மில்லுக்குள் பொடி, வெளியே வந்தால் புகை. அந்த நெஞ்சுக்கு ஓய்வென்பதே கிடையாது.

அதற்கு முந்தின வருஷம்தான் மில்லில் அவருக்கு ஜோடியாக வேலை பார்த்தவர் இறந்துபோனார். இருமல் இருமல் என்று மாசக்கணக்கில் கஷாயம் குடித்துப் பார்த்தார். ஆள் பாதியாக இளைத்த பிறகு கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் புற்று, முற்றிப்போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்றார்களாம். திரும்பி வந்த மாசமே போய்விட்டார். எங்கள் ஆட்கள் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார்கள். "நடந்து திரிஞ்ச மனுசன். படம் எடுத்தாங்க, போயிட்டாரு" என்றார்கள். அந்த மெஷின் வெளிச்சம்தான் ஆளைக் குடித்துவிட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு.

என் வீட்டுக்காரரும் அதையேதான் நம்பினார். சிநேகிதனுக்குத் தோள் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கும் ஒரு வறட்டு இருமல் ஒட்டிக்கொண்டது. அது பொடி இருமலா, பீடி இருமலா, வெறும் பயமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை அவர் இருமும்போதும் எனக்கு அந்தச் சிநேகிதர் ஞாபகம்தான் வரும். வெளியே காட்டிக்கொள்ளாமல், "கூரை பறந்துடப் போவுது, மெதுவா இருமுங்க" என்பேன். பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு ஒருவருக்கு ஒருவர்தான் எல்லாம். அந்த மனிதருக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன ஆவேன் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்காது.

இந்த லட்சணத்தில்தான் அந்த வேன் வந்தது. டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, ஒரு கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டி மேல் ஏறி நின்று பேசினார்.

"நோய் வந்தவங்களைத் தேடி நாங்க வரலைங்க. உள்ளே நோய் இருக்குதான்னே தெரியாதவங்களைத் தேடி வந்திருக்கோம். நாப்பது வயசு தாண்டினவங்க, ரொம்ப வருஷமா பீடி சுருட்டு குடிக்கிறவங்க, பொடியிலயும் புகையிலயும் வேலை பாக்குறவங்க, இவங்க எல்லாரும் கண்டிப்பா வரணும். நுரையீரல்ல கட்டி சின்னதா இருக்கும்போதே பாத்துட்டா அறுத்து எடுத்துடலாம். பெருசாயிடுச்சுன்னா எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

சூளை மேஸ்திரி முன்னால் வந்தார். பனைமரம் மாதிரி ஆள். கொட்டகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜாடி தட்டுகிறவளுடைய புருஷன்.

"நோவு இல்லாதவனுக்கு எதுக்கும்மா டாக்டரு? பசிக்காதவனைப் புடிச்சு உக்கார வச்சு சோறு ஊட்டுற கதையா இல்ல இருக்குது" என்றார். கொல்லென்று ஒரே சிரிப்பு. டாக்டரம்மாவும் பாவம், கூடச் சேர்ந்து சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரிசல் வெளியே தெரிகிற ஜாடியை நான் ஒருநாளும் தட்டிப் பார்த்ததில்லை. அதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். பார்வைக்கு நன்றாக இருக்கிற ஜாடியைத்தான் குச்சி எடுத்துத் தட்டுவேன். இந்தப் பெண் சொல்வதும் அதுதானே, இது ஏன் இந்த மனிதர்கள் மண்டையில் ஏறவில்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். "ஒருத்தர்கூட பீடி குடிக்கிறதில்லையா?"

"எங்க ஊருல அந்தப் பழக்கமே கெடையாதுங்க" என்றார் மேஸ்திரி. அவர் மடியில் பீடிக்கட்டு புடைத்துக்கொண்டு இருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் முன்னே பின்னே பார்க்க மாட்டேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் என் வீட்டுக்காரர் பக்கம் கையைக் காட்டினேன். "இவரை எழுதிக்குங்கம்மா. மில்லு ரூமுல வேலை. ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு."

"அடிப்பாவி" என்றார் அவர்.

டாக்டரம்மா பேனாவை எடுத்துக்கொண்டு, "அவரு பேரு என்னாம்மா?" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டோம். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவர் 'என்னாங்க', இல்லாவிட்டால் 'இந்தாங்க'. ரேஷன் கார்டுக்கு வந்தவரிடம்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைத்தான் சொல்லச் சொன்னேன். அதுதான் வழக்கம். நான் திரும்பி என் கூட்டாளியை, அதான் மேஸ்திரி பெண்டாட்டியை, பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் பெயரைப் பளிச்சென்று சொன்னாள்.

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "மாட்னான்யா" என்றார். கூட்டாளி எனக்கு உதவி செய்திருக்கிறாள், நான் பதிலுக்குச் செய்ய வேண்டாமா? மேஸ்திரி பெயரை நான் சொன்னேன். "சூளைகிட்ட வேலைம்மா. இவரு பீடியில பீடி பத்த வைப்பாரு. மடியைப் பாருங்க" என்றேன். அவர் மடியை அவசரமாக மறைத்த அழகை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்புத் தாங்காது.

அப்புறம் யார் சொல்லி யார் நிற்பது? எனக்கு அந்தப் பக்கம் இருந்தவள் தன் புருஷனைக் கண்ணால் காட்டினாள், அடுத்தவள் பெயரைச் சொன்னாள். அடுத்தவள் புருஷனுக்கு இவள் சாட்சி. "இவரு கக்கூசுக்குள்ளயும் பீடிதான்." "அவரு பீடியை வுட்டுட்டாரும்மா, இப்ப சுருட்டு." "எங்க வூட்டுல தலகாணியெல்லாம் ஓட்டை." அவரவர் புருஷன் பெயரை ஒருத்தியும் வாயால் சொல்லவில்லை, ஒரு புருஷனும் தப்பவும் இல்லை. டாக்டரம்மாவுக்கு எழுதி எழுதிக் கை வலித்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பழக்கமே இல்லாத ஊரில் இப்போது பீடி குடிக்காத ஆம்பிளை ஒருவர்கூட மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சுவரிடம் சொன்னார். "நாலு பேரு முன்னால மானத்தை வாங்கிட்டா."

"மானம் எங்கயும் போயிடாது. மூச்சு போச்சுன்னா யாரு தருவா?" என்று நானும் சுவரிடம் சொன்னேன். சுவர் பாவம்.

மறுநாள் படம் எடுக்கிற நாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ்ஸிலேயே என் நாத்தனார் வந்து இறங்கிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர், அதனால் தம்பிக்குத் தும்மல் வந்தால்கூட அவருக்குத் தெரிந்துவிடும். மஞ்சள் பையில் எலுமிச்சம்பழம், திருநீறு, கறுப்புக் கயிறு, ஒரு வாழை இலைத் துண்டில் ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம்.

"அந்த மெஷினு வெளிச்சம் ஒடம்புக்குள்ள போவக்கூடாது தம்பி. சாமி தடுத்துக்கும்" என்று சொல்லிச் செந்தூரத்தில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, அவர் நெஞ்சில் அழுத்திப் பூசினார். அது வெளியே தெரியாமல் பனியனை மாட்டி, அதற்கு மேல் சட்டையையும் மாட்டிவிட்டார். நானே சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். எனக்கு மட்டும் என்ன, நான் ஏற்கெனவே கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொண்டிருந்தேன்.

கம்பெனி வாசலில் போய்ப் பார்த்தால் கல்யாண வீடு தோற்றது. படம் எடுக்கிறார்கள் என்றதும் அத்தனை பேரும் முகச்சவரம் செய்து, எண்ணெய் தேய்த்துப் படிய வாரி, பவுடர் அடித்து, சலவைச் சட்டையில் வந்து நின்றார்கள். நெஞ்சுக்குள் எடுக்கிற படத்துக்கு முகத்துக்கு எதற்கு பவுடர் என்று நாங்கள் கேட்டோம். "நீங்க சும்மா இருங்க" என்றார்கள்.

வேனுக்குள் மெஷின்காரர் ஒருவர் இருந்தார். தோல் மாதிரிக் கறுப்பாக, கனமான ஏப்ரன் ஒன்றைக் கழுத்திலிருந்து முழங்கால் வரை மாட்டியிருந்தார். சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு வரச் சொன்னார். "பலகையில நெஞ்சை ஒட்டி நில்லுங்க. மூச்சை இழுத்துப் புடிங்க. அசையாதீங்க." அவ்வளவுதான். மேஸ்திரி உள்ளே போய், "சிரிக்கணுமாங்க?" என்று கேட்டது வெளியே வரைக்கும் கேட்டது. என் வீட்டுக்காரர் போன வேகத்தில் திரும்பி வந்து, "ஒண்ணும் தெரியல, டொக்குன்னுச்சு, முடிஞ்சு போச்சு" என்றார். நாத்தனார் அவருக்குத் திருஷ்டி சுற்றி எலுமிச்சம்பழத்தை மிதிக்கச் சொன்னார். அன்றைக்கு மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாகச் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொன்னார். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கு மட்டும் படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது, எடுத்தது சின்னப் படம், பெரிய பிலிமில் திரும்ப எடுக்க வேண்டும், வேன் மறுபடி வரும். ஒருவர் சூளை மேஸ்திரி. இன்னொருவர் என் வீட்டுக்காரர்.

என் கையில் இருந்த ஜாடி நழுவி விழுந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வேன் வருகிறவரைக்கும் இருந்த நாட்கள் எதிரிக்குக்கூட வரக் கூடாது. அவர் அழவில்லை, புலம்பவில்லை. நல்லவராகிவிட்டார். குழம்பில் உப்புக் கூடினாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்த கொல்லைக் கதவைச் சரி செய்தார். கிணற்றுக் கயிற்றை மாற்றினார். மல்லிகைப்பூ வாங்கி வந்து கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பீடிக்கட்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, பற்ற வைக்காமல் மாடத்தில் வைத்தார். சண்டை போடாத புருஷனோடு ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் சொன்னார், "நீ பேசாம அக்காகூடப் போயி இருந்துடு. கருவேப்பிலங்குறிச்சியில வயலு வேலை எப்பவும் இருக்கும்."

"எப்ப போவணும்?"

"அதான்... நான் இல்லாட்டி."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "நீங்க இல்லாட்டி நான் எங்கயும் போவ மாட்டேன். இந்த வூட்டுலயே உக்காந்து உங்களைத் திட்டிக்கிட்டே இருப்பேன். அதனால இருங்க" என்றேன். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய் அழுதேன்.

அழுகை ஓய்ந்ததும் ஒரு யோசனை வந்தது. கொட்டகைக் குச்சியை இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் தட்டிப் பார்த்தேன். இந்தப் பக்கம் தட்டினேன், அந்தப் பக்கம் தட்டினேன். ஒரு இழவும் விளங்கவில்லை. மனுஷ முதுகு ஜாடி இல்லையே.

"கணீருங்குதா, டொப்புங்குதா?" என்று கேட்டார்.

"திமிருங்குது" என்றேன். அந்த நாட்களில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

வேன் திரும்ப வந்த காலை, நாத்தனார் மறுபடியும் வந்து, போன தடவையைவிட இன்னும் கெட்டியாகச் செந்தூரம் பூசிப் பனியனை மாட்டிவிட்டார். கம்பெனிக்கு மூவருமாகப் போனோம். முதலில் மேஸ்திரியை ஏற்றினார்கள். அவருக்கு எடுத்து முடித்து அடுத்தது யார் என்று பார்த்தால், என் வீட்டுக்காரரைக் காணோம்.

மில்லில் இல்லை. சூளைக்குப் பின்னால் இல்லை. டீக்கடையில் இல்லை. நாத்தனார் ஒரு பக்கம் ஓடினார், என் கூட்டாளி ஒரு பக்கம் ஓடினாள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "பெண்ணாடம் சக்கரை ஆலையில காத்துக்கிட்டிருக்காங்கம்மா. இன்னும் கொஞ்ச நேரம் பாக்குறேன், அப்புறம் கெளம்பணும். மறுபடி இந்தப் பக்கம் எப்ப வருவோமோ தெரியாது" என்றார்.

நான் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு, "என்னாங்க" என்று கத்தினேன். அங்கே இருந்த ஆம்பிளைகள் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "இந்தாங்க" என்றேன். மிச்சப் பாதிப் பேரும் திரும்பினார்கள். என்னுடையவர் மட்டும் வரவில்லை. வேனின் இன்ஜினை டிரைவர் முடுக்கினார். அந்தச் சத்தம் கேட்டதும் மில்லு ஜோடிக்காரரைக் காலம் கடந்த பிறகு தூக்கிக்கொண்டு போனது கண் முன்னால் வந்தது. பெயர் சொன்னால் ஆயுசு குறையும் என்றால், சொல்லாவிட்டால் மட்டும் எங்கே இருக்கிறது ஆயுசு?

தொண்டை கிழிய அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

மில் ஓடுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. கொட்டகைப் பெண்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஜாடி அடுக்குவதற்காகக் குவித்திருந்த வைக்கோல் போர் அசைந்தது. உள்ளேயிருந்து, தலையெல்லாம் வைக்கோலோடு, என் வீட்டுக்காரர் விழுந்தடித்து எழுந்து ஓடி வந்தார்.

"யாருக்கு என்னா ஆச்சு?" என்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு சாவாவது விழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. உங்களுக்கு ஆயிடுமோன்னுதான் கூப்புட்டேன்" என்றேன். சொல்லிவிட்டு அத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன்.

அவர் என்னைப் பார்த்தார். தலையில் இருந்த வைக்கோலைத் தட்டிவிட்டார். "சரி சரி, அழுவாத. போறேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

இந்த முறை பெரிய பிலிம் என்பதால் மெஷின்காரர், "பனியனையும் கழட்டிடுங்க" என்றார். கழற்றியதும், "யோவ், என்னாய்யா இது?" என்று ஒரு குரல். நாங்கள் பயந்துபோய் வேன் படியில் ஏறிப் பார்த்தோம். அவருடைய நெஞ்சு முழுக்க ரத்தச் சிவப்பாக மினுமினுத்தது.

"செந்தூரங்க. எங்க ஊரு ஆஞ்சநேயரு" என்றார் நாத்தனார்.

மெஷின்காரர் டாக்டரம்மாவைப் பார்த்தார். "போன தடவையும் பூசியிருந்தீங்களாம்மா?" என்று டாக்டரம்மா நாத்தனாரிடம் கேட்டார்.

"பூசாம வுடுவனா? மூணு வெரலால நல்லா அழுத்தி இழுத்து வுட்டேன்."

மெஷின்காரர் அப்படியே படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா பழைய சின்னப் படத்தைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்பு நெஞ்சுக்குள் வெள்ளையாக மூன்று கோடு, சாய்வாக, பக்கம் பக்கமாக. நாத்தனார் தன் மூன்று விரலை அதற்கு நேராக வைத்துப் பார்த்து, "என் கைதான்" என்றார்.

"அம்மா, செந்தூரத்துல ஈயம் இருக்குது" என்றார் மெஷின்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஈயத்தைத் தாண்டி இந்த வெளிச்சம் போவாது. நான் மாட்டியிருக்கிற ஏப்ரனுக்குள்ள இருக்கிறதும் ஈயந்தான்."

"பனியனோட வுட்டது எங்க தப்பு" என்றார் டாக்டரம்மா. "ஆனா உள்ள என்னா இருக்குதுன்னு இன்னும் தெரியாது. கழுவிட்டு வாங்க, எடுத்துப் பாத்துடுவோம்."

எங்கள் கை கழுவுகிற குழாயடிக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். சவுக்காரமும் தேங்காய் நாரும் வைத்து, கம்பெனியே வேடிக்கை பார்க்க, என் புருஷன் நெஞ்சைத் தேய் தேயென்று தேய்த்தேன். "தோலு போவுதுடி" என்று அவர் கத்தினார். "போனா போவட்டும், உள்ள இருக்கிறது தெரியட்டும்" என்று இன்னும் நாலு தேய்ப்பு. கூட்டாளி தண்ணீர் மொண்டு ஊற்றினாள். நாத்தனார் பக்கத்தில் நின்றுகொண்டு ஆஞ்சநேயரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படம் எடுத்தார்கள். அதைக் கழுவி எடுக்கிறவரைக்கும் நான் வேன் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவரும் வந்து உட்கார்ந்தார். அவர் கை என் கைமேல் இருந்தது. பட்டப்பகலில், அத்தனை பேர் முன்னால், எங்கள் ஊரில் யாரும் செய்யாத காரியம்.

டாக்டரம்மா தண்ணீர் சொட்டச் சொட்டப் பிலிமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் வந்து நின்றார். மூன்று கோடும் இல்லை.

"கட்டி எதுவும் இல்லம்மா. பொடி கொஞ்சம் படிஞ்சிருக்குது, அது படிஞ்சது படிஞ்சதுதான், போவாது. இனிமே மில்லுல மூக்கு வாயை மூடித் துணி கட்டணும். பீடியை அடியோட வுடணும். இன்னைக்கு நல்லா இருக்குதுன்னு அப்படியே இருந்துடக் கூடாது, அடுத்த வருஷம் வேன் வரும்போதும் வந்து நிக்கணும்."

நான் எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிலிம் நனைந்திருந்ததால் என் ரவிக்கையெல்லாம் மருந்துத் தண்ணீர். நாத்தனார் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மெஷினு வெளிச்சம் உள்ள போவாது, சாமி தடுக்கும்னு சொன்னனா இல்லியா? தடுத்துச்சா இல்லியா?" என்று கேட்டார். மெஷின்காரரால்கூட இல்லை என்று சொல்ல முடியவில்லை.

மேஸ்திரி கதை அப்படி இல்லை. அவர் செந்தூரமும் பூசவில்லை, ஒன்றும் பூசவில்லை. இருமல்கூடக் கிடையாது. பெரிய பிலிமிலும் நிழல் அப்படியே இருந்தது, சின்னதாக. பசிக்காதவனுக்குச் சோறா என்று கேட்ட மனிதர் இப்போது என்ன செய்ய வேண்டுமென்று டாக்டரம்மாவிடமே கேட்டார். மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். என் கூட்டாளியும் அவரோடு போனாள். கொட்டகையில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்த அத்தனை நாளும் எனக்கு ஜாடிச் சத்தம் சரியாகவே காதில் விழவில்லை.

மழைக்காலம் முடிந்து இருவரும் வந்து சேர்ந்தார்கள். ஆள் இளைத்திருந்தார், ஆனால் குரல் அதே குரல். முதுகிலிருந்து விலா வரைக்கும் போட்டிருந்த தையலை, கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோருக்கும் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "படம் எடுத்தாங்க, பொழச்சிட்டேன்" என்று அவர் சொல்லச் சொல்ல, ஊரில் பழைய பேச்சு தானாகவே அடங்கிவிட்டது. சூளை வேலை முடியாதென்று கம்பெனியில் அவருக்கு வாசல் காவல் வேலை கொடுத்தார்கள். உள்ளே வருகிறவன் மடியைத் தடவிப் பார்த்துப் பீடிக்கட்டைப் பிடுங்குவதில் அவருக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே. என்னைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் அமைதியாகிவிடுவார். "என் பேரை நீ சொல்லலைன்னா நான் போயிருக்கவே மாட்டேன் தங்கச்சி" என்று ஒருமுறை சொன்னார். நான் அடுத்த ஜாடியை எடுத்துத் தட்டினேன்.

அடுத்த வருஷம் வேன் வந்தபோது யாரையும் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சட்டை பனியன் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலையிலேயே வரிசையில் நின்றார்கள். பக்கத்துக் கம்பெனி ஆட்களும் வந்திருந்தார்கள். நாத்தனார் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து சுருட்டுக் குடிக்கிற கிழவர்களாகப் பார்த்து ஒரு பஸ் ஆட்களை ஓட்டிக்கொண்டு வந்தார். ஏறுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் நெஞ்சையும் அவரே தடவிப் பார்த்து அனுப்பினார்.

அதே டாக்டரம்மா. என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, தெரியாதவர் மாதிரிப் பேனாவை எடுத்தார். "வீட்டுக்காரரு பேரு என்னாம்மா?"

கூட்டாளி வழக்கம்போல் வாயைத் திறந்தாள். நான் அவள் வாயைப் பொத்திவிட்டு நானே சொன்னேன்.

பீடியை விட்டு ஒரு வருஷமாகி, கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்த என் வீட்டுக்காரர், வரிசையின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எனக்குச் சரியா காதுல வுழல. இன்னொரு தடவ சொன்னாத்தான் வண்டியில ஏறுவேன்" என்றார்.

இன்னொரு தடவை சொன்னேன், மில் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற மாதிரி. அவர் ஏறினார்.